சுருளிவேல் காட்டிய கொட்டாரம்

கிழக்கே மேகமலையின் தோள்களில் இரவெல்லாம் கிடந்துறங்கிய வெண்பனி, தைத் திங்களின் இளங்கதிர் தொட்டதும் துயில் கலைந்தெழுந்து, மடிப்பு மடிப்பாய் அவிழ்ந்து பள்ளத்தாக்கினுள் இறங்கிக்கொண்டிருந்தது. மேற்கே மலையாள நாட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லையாய் நின்ற குன்றத்தொடர், முதலில் கருமையும் பின்னர் நீலமும் அதன்பின் பசுமையுமாய்த் தன் நிறம் தெளிந்து வந்தது. இரண்டு மலைகளுக்கும் நடுவே, பேரணை ஒன்று எழும்பித் தன்னை இப்பக்கம் திருப்பிவிட்ட நாள்முதல் வறட்சி என்பதையே மறந்துபோன முல்லையாறு, வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தது போக எஞ்சிய நீரைச் சுமந்துகொண்டு வடகிழக்கு நோக்கி விரைவின்றி நடந்தது. அவ்வாறு நடந்து வருங்கால் அது ஒரு வளைவில் சற்றே தயங்கி நிற்கும். அந்த வளைவின் கரையில் இருந்தது வேங்கைப்பாளையம் என்னும் சிற்றூர்.

பாளையம் என்ற பெயர் மட்டுமே அவ்வூருக்கு மிஞ்சியிருந்தது. பாளையக்காரரின் படையும் பறையும் ஒடுங்கி நூறாண்டுக்கு மேலாகியிருந்தன. ஆயினும், கற்றறிந்த நண்பரே, கல்லுக்கு மனிதனைக் காட்டிலும் நினைவாற்றல் மிகுதி. பாதி இடிந்தும் மீதி இடிய மனமின்றியும் நின்ற கோட்டை வாயில், ஆயிரம் கைகள் தடவித் தடவி வழவழப்பேறிய தூண்களைத் தாங்கிய சிவன் கோயில், மரவேலைப்பாடு மிகுந்த கதவுகள் வரிசையாய் அமைந்த வணிகர் தெரு, நாற்புறமும் படியிறங்கிய குளம் என, காண வேண்டியவை யாவும் அங்கே இருந்தன. ஆனால் காண்பதற்குக் கண் வேண்டும். கண் உள்ளவனுக்கும் இன்னது இது என்று சுட்டிக் காட்ட ஒருவன் வேண்டும். அந்த ஒருவனாய் அவ்வூருக்கு வாய்த்தவன் சுருளிவேல். அவன் வாய்த்தது ஊரின் நற்பேறா தீயூழா என்பதைச் சொல்லத்தான் இக்கதையை எடுத்தேன். இனிப்பான கதையை எதிர்பார்த்து வந்தவர் இப்போதே எழுந்து போய்விடலாம்.

சுருளிவேல் கல்தச்சனும் அல்லன், புலவனும் அல்லன். இளமையில் ஏலத் தோட்டங்களுக்குச் சுமை கொண்டு செல்லும் கழுதைகளை ஓட்டிக் குமுளிக் கணவாயை நூறு முறை ஏறி இறங்கியவன். அந்த ஏற்ற இறக்கத்தில் அவன் மலையாளமும் கற்றான். யாரிடம் எதைப் பேசினால் முகம் மலரும் என்பதையும் கற்றான். ஒருநாள் கழுதை உதைத்து முழங்கால் முறிந்தபின் மலையேற்றம் போயிற்று, நாக்கு மட்டும் எஞ்சிற்று. அணை காண வந்து, வழியில் வண்டி அச்சு முறிந்து ஊரில் தங்க நேர்ந்த ஒரு பொறியாளரைப் பொழுது போகட்டும் என்று ஊர் சுற்றிக் காட்டினான். அவர் போய்த் தம் நண்பர்க்குச் சொல்ல, அவர் பிறர்க்குச் சொல்ல, ஈராண்டுக்குள் அவனைத் தேடி மதுரையிலிருந்து ஆசிரியர்களும், தோட்டங்களிலிருந்து வெள்ளைக்காரரின் விருந்தினரும், எல்லைக்கு அப்பாலிருந்து மலையாளப் பெருமக்களும் வரத் தலைப்பட்டார்கள். காசு எதுவும் வாங்காமலே அவன் அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டினான். ஊரார் அதற்குச் 'சுருளி நடை' என்று பெயர் வைத்து நகைத்தார்கள்.

நகைத்தவர்களும் பின்னால் நடந்து சென்று செவி சாய்த்ததுண்டு. ஏனெனில், அவன் காட்டும்போது கல் பேசிற்று. கோட்டை வாயிலில் அவர்களை நிறுத்தி, "நேரா உள்ள போக முடியுதா பாருங்க" என்பான். வாயிலைக் கடந்தவுடன் சுவர் குறுக்கிட்டு வழி பக்கவாட்டில் திரும்புவதைக் காட்டி, ஓடிவரும் யானையின் விரைவை உடைக்க முன்னோர் செய்த அறிவு அது என்பான். கோயிலில் தூணின் உச்சியில் தலைகுனிந்து தொங்கும் கல்லாலான வாழைப்பூவைக் காட்டுவான். வணிகர் தெருவில் வேண்டுமென்றே தாழ வைத்த நிலைக்கதவின்முன் நின்று, எவ்வளவு பெரிய மனிதரும் அவ்வீட்டுக்குள் தலைவணங்காமல் நுழைய முடியாது என்று சொல்லித் தானே குனிந்து காட்டுவான். இவையெல்லாம் மெய். அவன் மெய் சொல்லத் தெரியாதவன் அல்லன் என்பதை நண்பர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதுவே அவன் குற்றத்தைப் பெரிதாக்குவது.

நடை முடியும் இடம் ஆற்று வளைவில் இருந்த கொட்டாரம். நாற்பது கல்தூண்கள் தாங்கிய நீண்ட கூடம். சுவரின் உச்சியில் விரல் நுழையும் அளவில் வரிசையாய்ச் சாளரங்கள். தரையில் பாறையைக் குடைந்த பன்னிரண்டு குழிகள். மழை பொய்த்த வற்கடக் காலம் ஒன்றில் ஊரார் ஒவ்வொரு களத்திலிருந்தும் ஒரு மரக்கால் நெல் ஒதுக்கி, தாமே கல் சுமந்து எழுப்பிய பொதுக் களஞ்சியம் அது. நெல்லைக் குவிப்பதும் குற்றுவதும் அங்கேதான். தமிழில் கொட்டாரம் என்றால் அதுவே பொருள். காற்று உள்ளே போனால் நெல் அழுகாது என்பதற்காகச் சாளரங்கள். உலக்கை விழுவதற்காகக் குழிகள். அவ்விடத்துக்கு ஊரில் ஒரு கட்டளையும் உண்டு: போக்கிடம் இல்லாத பெண் எவளாயினும் அங்கே வந்து உலக்கையைக் கையில் எடுத்துவிட்டால், கூலிநெல்லும் பின்கட்டில் ஒரு மூலையும் அவளுக்கு உரியவை, எடுத்த உலக்கையை அவள் கையிலிருந்து எவரும் பிடுங்கலாகாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஊர் முழுவதும் அறிந்த ஒன்றை ஓலையில் எழுதுவது ஏன் என்று முன்னோர் எண்ணிவிட்டார்கள் போலும்.

இக்கதை நிகழ்ந்த நாளில் அங்கே பதினொரு கைம்பெண்கள் வாழ்ந்தார்கள். அவர்களுள் மூத்தவள் மொக்கம்மாள், சுருளிவேலின் உடன்பிறந்த அக்காள். தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். கணவன் இறந்தபின் தம்பி வீட்டு அடுப்புக்குப் பாரமாகக் கூடாது என்று தானே வந்து உலக்கை எடுத்தவள்.

இனிக் கொட்டாரம் என்ற அந்தச் சொல்லுக்கு வருவோம். மாசித் திங்களின் ஒரு நண்பகல். மலையாள நாட்டிலிருந்து வந்த பெருமக்கள் ஐவர் வெயிலில் நடந்து களைத்து, கோயிலையும் குளத்தையும் அரைமனத்தோடு கண்டு, வண்டி எங்கே என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். சுருளிவேலின் முகம் வாடிற்று. அன்று அவன் சொல் எடுபடவில்லை. உமியும் தவிடும் பறக்க நின்ற அந்தக் கூடத்தைச் சுட்டி ஒருவர் வேண்டாவெறுப்பாய் இது என்ன என்று கேட்க, "கொட்டாரம்" என்றான் அவன்.

"கொட்டாரமோ!" என்றார் அவர். அடுத்த நொடியில் ஐவரும் காலணியைக் கழற்றினார்கள். தோளில் கிடந்த மேலாடையை எடுத்து இடையில் கட்டினார்கள். அவர்கள் மொழியில் கொட்டாரம் என்பது மன்னர் வாழும் அரண்மனை. சுருளிவேல் அதை நன்கு அறிவான். அறிந்தும், அந்த ஐந்து முகங்களிலும் திடுமெனப் பூத்த பணிவைக் கண்டதும், "இல்லை ஐயா, நெல் குற்றும் இடம்" என்று சொல்ல வேண்டிய நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. மதிப்பு என்பது கள்ளினும் கொடிது. கள் குடித்தவனாவது மறுநாள் தலைவலியால் திருந்துவான்.

அன்று சொல்லாமல் விட்ட ஒன்றை மறுமுறை அவன் சொல்லியே காட்டினான். பின் ஒவ்வொரு நடையிலும் பொய்க்கு ஒரு முழம் துணி கூடிற்று. நெல் சேமிக்கும் குதிர் நின்ற கல்மேடை அரியணை நின்ற இடமாயிற்று. காற்றுச் சாளரங்கள் வழியே அரசியர் பிறர் கண்ணில் படாமல் தெருவைக் கண்டார்கள். பன்னிரண்டு உரற்குழிகளும் விருந்தினர் கால் கழுவப் பன்னீர் நிறைத்து வைத்த கிண்ணங்களாயின. அங்கே உலக்கையோடு நின்ற பெண்களைப்பற்றி யாரேனும் கேட்டால், அரண்மனையின் பழம் பணிப்பெண்கள் வழியில் வந்தவர்கள் என்றான். கூசாமல்தான் சொன்னான்.

மொக்கம்மாளுக்கு முதலில் இது வேடிக்கையாய் இருந்தது. "ஏலே சுருளி, தவிட்டுக் காலோட நாங்க நிக்கிற குழியிலயா ராணி பன்னீர் ஊத்தி வச்சிருந்தாக? கேக்குறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பியோ?" என்று முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"வந்தவுக மனசு குளிரட்டுமேக்கா. ரெண்டு சொல்லு கூடச் சொன்னா கல்லு தேஞ்சா போகப்போகுது?" என்றான் அவன்.

"கல்லு தேயாதுடா. நீதான் தேஞ்சு போவ" என்று சொல்லிவிட்டு அவள் உலக்கையை எடுத்தாள். பக்கத்தில் நின்ற பஞ்சம்மாள் என்ற இளங்கைம்பெண், "ஆத்தா, இனிமே நம்மளும் மகாராணி மாதிரிக் குத்தணும் போல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

நடை முடிந்ததும் விருந்தினர் தம் கருத்தை எழுதிவைக்கச் சுருளிவேல் ஒரு தடித்த ஏடு வைத்திருந்தான். தமிழும் மலையாளமும் ஆங்கிலமுமாய், படித்தவர்கள் பட்டங்களோடு ஒப்பமிட்ட புகழ்மொழிகளால் ஏழாண்டில் அது நிறைந்தது. அவனுக்கு அவற்றுள் பாதியைப் படிக்கத் தெரியாது. எனினும் சிவப்புப் பட்டுத்துணியில் சுற்றிக் கோயில் திருமறைபோல் காத்தான். பிள்ளையில்லாத அவனுக்கு அதுவே பிள்ளை.

இப்படி இருக்கையில், பாளையக்காரர் குடியின் கடைசி வழித்தோன்றலாகிய கர்ணன் மதுரையிலிருந்து வந்து சேர்ந்தான். பெயர்தான் கர்ணன், ஈந்தறியாத கை. நிலமெல்லாம் கைவிட்டுப்போய், முன்னோரின் பட்டப்பெயர் ஒன்றையே அணிகலனாய்ப் பூண்டு திரிந்த அவனுக்கு, மலைக்கப்பால் பெருந்தோட்டக் குடும்பம் ஒன்றில் பெண் பேசியிருந்தார்கள். பெண்வீட்டார், அரசர் குடி என்கிறீர்களே, அரண்மனை எங்கே என்று கேட்டுவிட்டார்கள். அவர்களுள் ஒருவர் முன்பு சுருளி நடையில் வந்து போனவர். வேங்கைப்பாளையத்தில் ஒன்று இருக்கிறதே, பணிப்பெண்களின் வழியினர்கூட இன்னும் இருக்கிறார்களே என்று அவரே விடையும் சொன்னார். வேறென்ன வேண்டும்?

ஒரு காலையில் கர்ணன் பிற விருந்தினரோடு நடையில் கலந்துகொண்டான். பாளையத்தாரின் குருதியே தன் பின்னால் நடந்து வருகிறது என்ற பூரிப்பில் சுருளிவேல் அன்று தன்னையே விஞ்சிப் பேசினான். கொட்டாரத்துக்கு வந்ததும் கர்ணன் மெல்லக் கேட்டான்: "எங்க பாட்டனார் உக்காந்த எடம் எதுங்க?"

"அந்தா, அங்கன சின்னய்யா" என்று சுருளிவேல் கை நீட்டினான். நீட்டிய இடத்தில் மொக்கம்மாள் முறத்தோடு நின்று நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். கர்ணன் அவளைப் பார்க்கவில்லை. மேடையை மட்டும் பார்த்தான். போகும்போது ஏட்டைப் படித்துத் திருப்பித் தருவதாய் இரவல் கேட்டான். சின்னய்யாவே கேட்கிறாரே என்று இவன் பட்டுத்துணியோடு எடுத்துக் கொடுத்தான்.

பதினைந்தாம் நாள் கொட்டாரத்தின் தூணில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. தம் முன்னோரின் அரண்மனையில் உரிமையின்றிக் குடியேறியிருக்கும் பதினொரு பெண்களை வெளியேற்ற வேண்டும் என்று கர்ணன் முறையிட்டிருப்பதாகவும், வட்டத் தண்டலராகிய தாசில்தார் வரும் வெள்ளியன்று நேரில் வந்து கேட்டறிவார் என்றும் அதில் கண்டிருந்தது. ஊர்க்கணக்கர் அதைச் சுருளிவேலுக்குப் படித்துக் காட்டினார். தான் காற்றில் விட்ட சொற்கள் காற்றோடு போய்விடும் என்றல்லவா ஏழாண்டும் எண்ணியிருந்தான்!

ஊர்ப் பெரியவர்களிடம் ஓடினான். உண்மையை அவர்கள் யாவரும் அறிவார்கள். அவர்கள் பாட்டன்மார் சுமந்த கல் அது. ஆனால் ஏழாண்டுப் புகழ் அவர்களையும் தொட்டிருந்தது. கைம்பெண்கள் நெல் குற்றும் ஊர் என்பதைவிட அரண்மனை உள்ள ஊர் என்று சொல்லிக்கொள்வது, பெண் கொடுக்கவும் எடுக்கவும் எடுப்பாய் இருந்தது. "நீதானப்பா அரண்மனைன்னு சொன்ன? இப்ப இல்லைங்குற. நாங்க எதைப் பேச?" என்று ஒருவர் வெற்றிலையை மடித்தார். மற்றவர்கள் வயலுக்கு நீர் பாய்ச்ச வேண்டும் என்று எழுந்துவிட்டார்கள்.

வெள்ளியன்று பொழுது புலரும் வேளையில் சுருளிவேல் கொட்டாரத்துக்குப் போனான். பெண்கள் ஆற்றில் முழுகி வந்து, வெளுத்த சேலையாய்த் தேடி உடுத்தியிருந்தார்கள். மொக்கம்மாள் நெற்றியில் நீறு துலங்க இருந்தாள்.

"அக்கா, வார தாசில்தாருக்குப் பிறந்த எடம் மலையாளக் கரையாம். அவரு கேட்டா கொட்டாரம்னு மட்டும் சொல்லிராதீக. களஞ்சியம்னு சொல்லுங்க, நெல்லு குத்துற கூடம்னு சொல்லுங்க. அந்தச் சொல்லு மட்டும் வேணாம்" என்றான்.

மொக்கம்மாள் அவன் பக்கம் திரும்பினாள். "கொட்டாரத்தக் கொட்டாரம்னு சொல்லாம என்னன்னுடா சொல்றது? பெத்த புள்ளைக்குப் பேரு மாத்தச் சொல்றியா?"

"அதுக்கில்லக்கா. அவுக பாசையில அதுக்கு வேற அர்த்தம்."

"அவுக பாசைக்கு நாங்க என்ன செய்ய? மாத்திப் பேசிப் பேசி எங்கள இங்கன கொண்டாந்து நிறுத்துனது நீ. இன்னைக்கி மறுபடியும் மாத்திப் பேசச் சொல்ற. உள்ளத உள்ளபடி சொல்லுவோம். அதுக்கு மேல அந்தச் சுருளியாண்டவன் விட்ட வழி" என்றாள் அவள்.

தண்டலர் வந்தார். நேர்மையான மனிதர், அதுவே இக்கதையின் பெருங்கொடுமை. கைக்கூலி வாங்குபவராயிருந்தால் இரு பக்கமும் பேசிப் பார்த்திருக்கலாம். அவர் நாற்காலியில் அமர மறுத்து, "நீ மற்றவர்களை எப்படி அழைத்துச் செல்வாயோ அப்படியே என்னையும் அழைத்துச் செல். நடந்து பார்த்தே முடிவு செய்கிறேன்" என்று சுருளிவேலிடம் சொன்னார்.

வாழ்நாளில் அதுபோல் ஒரு நடையை அவன் நடந்ததில்லை. முன்னால் அவன், பின்னால் தண்டலரும் எழுத்தரும் கர்ணனும், அவர்கள் பின்னே ஊர் முழுவதும். கோட்டை வாயிலில் மெய் சொன்னான். கோயிலில் மெய் சொன்னான். வணிகர் தெருவில் மெய் சொன்னான். தண்டலர் வியந்து தலையசைத்தார், தாழ்ந்த கதவின்முன் தாமும் குனிந்து பார்த்தார். அவன் நெஞ்சில் நம்பிக்கை துளிர்த்தது. இவ்வளவையும் நம்பியவர் கடைசி ஒன்றையும் நம்பாமலா போவார் என்று எண்ணிக்கொண்டே ஆற்று வளைவுக்கு வந்து, கூடத்தின் வாயிலில் நின்று, கைகுவித்துச் சொன்னான்:

"ஐயா, இது அரண்மனை இல்ல. ஊர்ப் பொதுவுல கட்டுன நெல்லுக் களஞ்சியம். அந்தா மேல தெரியிறது நெல்லுக்குக் காத்துப் போற சந்து. கீழ இருக்குறது உரக்குழி. ராணியும் இல்ல, பன்னீரும் இல்ல. எல்லாம் நான் வச்ச பொய்யி."

தண்டலர் எழுத்தரிடம் கை நீட்டினார். கர்ணன் சான்றாய்க் கொடுத்திருந்த, பட்டுத்துணி சுற்றிய ஏடு அவர் கைக்கு வந்தது. பக்கம் பக்கமாய்ப் புரட்டி, பேராசிரியர் ஒருவர் எழுதியதையும் பொறியாளர் ஒருவர் எழுதியதையும் உரக்கப் படித்தார். அரியணை மேடை, அரசியர் சாளரம், பன்னீர்க் கிண்ணம் யாவும் நாள் குறித்து, ஒப்பத்தோடு, அங்கே இருந்தன.

"இருநூறு பேருக்குமேல் எழுதியிருக்கிறார்கள். எல்லாரும் கற்றவர்கள். அன்று உனக்கு இதனால் ஊதியம் ஒன்றும் இல்லை. இன்றோ உன் அக்காளின் இருப்பிடம் இதைப் பொறுத்திருக்கிறது. ஆதாயம் இல்லாத நாளில் பொய் சொன்னேன், ஆதாயம் உள்ள நாளில் மெய் சொல்கிறேன் என்கிறாய். என்னிடத்தில் நீ இருந்தால் எதை நம்புவாய்?" என்று அவர் கேட்டார்.

அவன் கைகளை மறுபடியும் குவித்தான், அவ்வளவே. ஆதாயம் இருந்தது, ஐயா. உங்களைப் போன்றவர்கள் என்னை நிமிர்ந்து பார்த்தார்களே, அதுதான் ஆதாயம் என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்ல அவன் கற்றிருக்கவில்லை. தண்டலர் பெண்களின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இந்த இடத்துக்கு உங்கள் வழக்கில் என்ன பெயர்?"

பஞ்சம்மாள் மொக்கம்மாளைப் பார்த்தாள். சுருளிவேல் ஊரறியத் தலையை ஆட்டினான், வேண்டாம் வேண்டாம் என்று. மொக்கம்மாள் முன்னே வந்து, உலக்கையைத் தரையில் ஊன்றி, தலை நிமிர்ந்து சொன்னாள்: "கொட்டாரமுங்க எசமான். எங்க ஆத்தா காலத்துலயும் கொட்டாரந்தான், அவுக ஆத்தா காலத்துலயும் கொட்டாரந்தான். எங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க." மற்றப் பதின்மரும் "கொட்டாரந்தான், கொட்டாரந்தான்" என்றார்கள்.

தண்டலரின் முகம் தெளிந்தது. தாலாட்டிலேயே அச்சொல்லைக் கேட்டு வளர்ந்தவர் அவர். "குடியிருப்பவர்களே உண்மையை ஒப்புக்கொண்டார்கள்" என்று எழுத்தருக்குச் சொல்லி எழுதவைத்தார்.

"ஐயா, அது ஒங்க மலையாளத்துச் சொல்லு! எங்க சொல்லுல நெல்லு குத்துற எடம்யா!" என்று அலறினான் சுருளிவேல்.

தண்டலர் சினக்கவில்லை. ஏட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பி அவன்முன் நீட்டினார். "கொட்டாரம் என்றால் அரண்மனை என்பதை எம் வழிகாட்டி எமக்குத் தெளிவுற விளக்கினார் என்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். அந்த வழிகாட்டி நீதானே?" என்றார்.

நீதானே என்ற கேள்விக்கு அவன் ஆமென்றான். அந்த ஓர் ஆமோடு எல்லாம் முடிந்தது. மொக்கம்மாளுக்கு மட்டும் என்ன நிகழ்ந்தது என்றே விளங்கவில்லை. உண்மை சொன்னோம், இனி அச்சமில்லை என்று அவள் பஞ்சம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியேற வேண்டும் என்பதே தீர்ப்பு என்று கணக்கர் எடுத்துச் சொன்னபோதும் இரண்டு முறை கேட்டாள்.

திங்கள் முடியுமுன் பெண்கள் வெளியேறினார்கள். அவரவர் உலக்கை அவரவர் தோளில். மேகமலைத் தேயிலைத் தோட்டத்தில் களையெடுக்கவும் பிள்ளை பார்க்கவும் ஆள் கேட்கிறார்கள் என்று சின்னமனூர் வழியே புறப்பட்டார்கள். சுருளிவேல் வழியை மறித்து, "அக்கா, நம்ம வீட்டுக்கு வாக்கா. ஒனக்கு ஒரு வாய்க் கஞ்சி ஊத்த மாட்டேனா? அந்தக் குளிருல நீ தாங்க மாட்ட" என்று அழுதான்.

"வேணாம்லே" என்றாள் அவள். குரலில் சூடில்லை. "ஒன் வீட்டுல இருந்தா ஒன் மொகத்தத் தெனம் பாக்கணும். கோவமா இருந்தா பாத்துருவேன். இது கோவமில்ல, வெக்கம். ஒன்ன இடுப்புல சுமந்தவங்கிற வெக்கம்." அவள் உலக்கையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தாள். மலைப்பாதையின் முதல் திருப்பத்தில் பதினோர் உலக்கைகளும் மறைந்தன. அவ்வாண்டு மார்கழியில் தோட்டத்து வரிசை வீடு ஒன்றில் மலைக்காய்ச்சல் கண்டு அவள் இறந்தாள். எரித்து எட்டு நாள் சென்றபின் ஒரு வண்டிக்காரன் வந்து போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனான்.

கர்ணனுக்கு அரண்மனை கிடைத்தது, மணமும் நடந்தது. கூடத்துக்கு வெள்ளையடித்துக் கம்பிக் கதவு வைத்தார்கள். விருந்தினரைச் சுற்றிக் காட்ட, கூத்துமேடைகளில் அரசவேடம் கட்டி வந்த பலவேசம் என்பவனை அமர்த்தினார்கள். சுருளிவேல் நாள்தோறும் வந்து அக்கதவின்முன் நிற்கத் தொடங்கினான். பிச்சைக்கு அல்ல. வருவோர் ஒவ்வொருவரிடமும் அவன் ஒன்றே சொன்னான். ஏழாண்டுப் பொய்யை ஒவ்வொருவராய்த் திருப்பி எடுத்துவிடலாம் என்று அந்தப் பேதை நம்பினான்.

ஒருநாள் மதுரையிலிருந்து ஆசிரியைகள் சிலர் வந்திருந்தார்கள். அவர்களுள் மூத்தவரின் முன்னே போய் நின்று, "ஆத்தா, இது அரண்மனை இல்ல. நெல்லு குத்துன எடம். எங்க அக்கா இங்கன குத்துனா. நான் சொன்ன பொய்யில செத்துப் போனா" என்றான்.

பலவேசம் அவனை விரட்டவில்லை. குரலைத் தாழ்த்தி, பணிவோடு கைகட்டி, அந்த அம்மையாரிடம் சொன்னான்: "பொறுத்தருள வேண்டும். இவர் பாளையத்தாரின் அவைப்புலவர் வழியில் வந்த கடைசி மனிதர். அரண்மனை வீழ்ந்த துயரம் தலைமுறை தலைமுறையாய் இறங்கி வந்து இவர் அறிவைத் தின்றுவிட்டது. தீயில் பாய்ந்த அரசியைத் தம் அக்காள் என்றே எண்ணி இப்படி அரற்றிக்கொண்டிருக்கிறார். எங்கள் சின்னய்யா மனமிரங்கி இவரை இங்கேயே இருக்க விட்டிருக்கிறார்."

ஆசிரியைகளின் கண்கள் கலங்கின. மூத்தவர் இரு கையும் குவித்துச் சுருளிவேலை வணங்கினார், மற்றவர்களும் வணங்கினார்கள். அந்த முகங்களில் பூத்திருந்த பணிவை அவன் எங்கே கண்டாலும் அறிவான். பலவேசம் சொன்ன விதத்தில் ஒரு குறையும் இல்லை, ஒரு சொல்லும் மிகை இல்லை, தான் சொல்லியிருந்தாலும் இவ்வளவு நன்றாய்ச் சொல்லியிருக்க முடியாது என்று அவன் நெஞ்சின் ஒரு மூலை, கேட்காமலே, ஒப்புக்கொண்டது. அதை எண்ணி அன்று முழுவதும் ஆற்றங்கரையில் இருந்து தன் வாயில் தானே அறைந்துகொண்டான்.

கோட்டை வாயில், கோயில், வணிகர் தெரு, குளம், கொட்டாரம் என்று முன்பு ஐந்தாய் இருந்த காட்சிகள் அதன்பின் ஆறாயின. ஆறாவதாக அவனைக் காட்டினார்கள்.

நண்பரே, பொய்யை ஈன்றவன் ஒருவனாயினும் அதை வளர்ப்பவர் பலர். ஆளானபின் அது ஈன்றவனை அறியாது, அவன் அழுகையையும் தன் அணிகலனாக்கிக்கொள்ளும். உண்மையோ, சொல்ல வேண்டிய நாளில் சொல்லப்படாவிடில், பின் எத்தனை நாவால் சொன்னாலும் கேட்பாரற்றுப் போகும். வேங்கைப்பாளையத்தின் கற்களைக் காண இன்றும் பலர் வருகிறார்கள். கேட்டு, வியந்து, ஏட்டில் எழுதிவிட்டுப் போகிறார்கள். மொக்கம்மாள் என்ற பெயரை அந்நடையில் யாரும் சொல்வதில்லை.